சாவி வாங்குகிற கை

கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். கட்டிக்கொண்டால் ஒருத்தரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள், வயசான ஆள் பின்கை கட்டி நின்றால் ஏதோ யோசிக்கிறான் என்று விட்டுவிடுவார்கள், நான் ஒன்றும் யோசிக்கவில்லை, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறேன். தகரக் கூரைக்குக் கீழே அறுபது எழுபது வண்டி வரிசையாக நிற்கிறது, எல்லாம் யாரோ ஓட்டிக் கழித்தவை, எல்லா முன்சக்கரமும் ஒரே பக்கம் ஒடித்திருக்கிறது, என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்ட மாதிரி. சொந்தக்காரர்கள் அப்படித்தான் திருப்புவார்கள், கல்யாண மண்டபத்தில் நான் உள்ளே வந்தால் பந்தியைப் பார்ப்பதுபோல் அந்தப் பக்கம் திரும்பிவிடுவார்கள். கௌசல்யா இரண்டாவது வரிசைக்குள் போய்விட்டாள், துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு குனிந்து டயரை நகத்தால் கீறிப் பார்க்கிறாள். என் மகளுக்கு இருபத்தொரு வயசு, போன மாதம்தான் லைசன்ஸ் வந்தது, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது, வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வரவேண்டும், வெறும் வயிற்றில் எடுக்கவேண்டுமாம், அதனால் காலையில் ஆறு மணிக்கே கிளம்பவேண்டும், அந்நேரத்துக்குப் பள்ளிப்பாளையத்திலிருந்து எந்த பஸ் எந்தச் சந்துக்குப் போகும், சொந்த வண்டி இருந்தால்தான் வேலை என்று சொல்லிவிட்டார்கள், திங்கட்கிழமை வண்டியோடு வரவேண்டும். இன்றைக்கு வெள்ளி. பத்தரைக்கு இராகு காலம் பிறக்கிறது, அதற்குள் வண்டியை எடுத்துவிடவேண்டும், இப்போது ஒன்பது இருபது. காலையில் வாசலில் செருப்பு மாட்டும்போது என் சம்சாரம் சரசு பக்கத்தில் வந்தாள், மஞ்சப்பையில் எலுமிச்சம்பழமும் சூடமும் குங்குமமும் போட்டுக் கொடுத்தாள், கொடுத்துவிட்டுப் பையின் காதை விடாமலே சொன்னாள், மெதுவாக, மகளுக்குக் கேட்காத மாதிரி, "ஏனுங்க, சாவிய அவ கையிலயே வாங்கச் சொல்லீருங்க." அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். மற்றவர்கள் முப்பத்திரண்டு வருஷமாகச் சொன்னதை இவள் இருபத்து மூன்று வருஷமாகச் சொல்லாமல் இருந்தாள், அதை இன்றைக்குச் சொல்லிவிட்டாள், அவ்வளவுதான், ஒரு கணக்கு முடிந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு வண்டி எடுத்தால் சாவியை முதலில் வாங்குகிற கை ராசியான கையாக இருக்கவேண்டும். அந்தக் கைக்காரர் வாங்கி, அவரே ஒரு உதை உதைத்து எஞ்சினை எடுத்து, அப்புறம்தான் வண்டிக்காரன் கையில் கொடுப்பார். அதற்கென்றே சில பேரைக் கூட்டிக்கொண்டு போவார்கள், தாய்மாமனையோ கடை வைத்துச் செழித்தவனையோ நாலு பிள்ளை பெற்ற வீட்டுக்காரரையோ. ராசியில்லாத கை என்றும் ஒன்று உண்டு. அது இந்தக் கை. இதோ பின்னால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கிறதே, இதில் வலது. இந்தக் கையால் இருபத்தாறு வருஷம் சாயப்பட்டறையில் பாய்லரைப் பற்றவைத்தேன், தினமும் விடியற்காலையில் ஒரு தீக்குச்சி, ஒரே குச்சியில் பிடித்துவிடும், மூன்று பட்டறையில் பாய்லர் வெடித்து ஆள் செத்தான், எங்கள் பட்டறையில் ஒரு நாளும் ஒன்றும் ஆனதில்லை. முதலாளி ராசியான கை என்று வாயால் சொன்னதில்லை, ஆனால் வேறு ஒருத்தனைப் பற்றவைக்க விட்டதும் இல்லை. அதை யார் கேட்டார்கள். பாய்லர் வெடிக்காததை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

"அம்மிணிக்கு இந்த ஸ்கூட்டியப் பாருங்க பெரியவரே," என்றான் பழைய வண்டி வாங்கி விற்கிற கன்சல்டிங் கடை ரத்தினம், பல்குச்சியை வாயின் ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு. "டீச்சரம்மா ஓட்டுனது. வீடு விட்டா ஸ்கூலு, ஸ்கூலு விட்டா வீடு. வேற எங்கயும் போவல." கௌசல்யா நிமிர்ந்து பார்த்தாள். "எல்லா வண்டியும் டீச்சரம்மாதான் ஓட்டுனாங்களாண்ணா? முன்னாடி பாத்த கடையிலயும் டீச்சரம்மாதான்." "ஈரோட்டுல டீச்சருக்கா பஞ்சம் அம்மிணி." "நான் கியர் வண்டி பாக்கறேங்ணா." "கியர் வண்டியா. அது பசங்க ஓட்டறதாச்சே." "அது வண்டிக்குத் தெரியுமாங்ணா?" ரத்தினம் என்னைப் பார்த்துச் சிரித்தான், நான் சிரிக்கவில்லை, சிரிக்கவேண்டிய இடம்தான், ஆனால் என் மனசு அந்த வெள்ளை ஸ்கூட்டியின் கைப்பிடியிலேயே நின்றது, தொடச் சொல்லிவிடுவானோ, பிடித்துப் பாருங்கள் என்பானோ என்று. சொன்னான். "சீட்ட அமுக்கிப் பாருங்க பெரியவரே, பஞ்சு புதுசு." நான் தலையை மட்டும் ஆட்டினேன். கை வரவில்லை. சீட்டை அமுக்குவதில் என்ன இருக்கிறது, சாவி வாங்குவது வேறு, சீட்டு வேறு, ஆனால் எது எதிலிருந்து தொடங்குகிறது என்று எவனுக்குத் தெரியும். அவள் ஏன் ஸ்கூட்டி வேண்டாம் என்கிறாள் என்று எனக்குத் தெரியும், ஒரு வாரமாக நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள், ஒரு நாளைக்கு அறுபது கிலோமீட்டர், பெட்ரோல் தாங்காது, சந்துகளில் குழி, சின்னச் சக்கரம் விழுந்தால் எழாது, பின்னால் ஐஸ் பெட்டி கட்டவேண்டும், அப்புறம் ஸ்கூட்டி பழசானாலும் விலை இறங்குவதில்லை, கியர் வண்டி இறங்கும். கடைசி வரியில் அடிக்கோடு போட்டிருந்தாள், ரெண்டு காலும் முழுசாத் தரையில ஊனோணும். நான் ஐந்தாவதோடு நின்றவன், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், அந்த வரியை மட்டும் இரண்டு தடவை கூட்டினேன்.

என் அண்ணனுக்கு இரண்டு காலும் முழுசாக ஊன்றாது. வலது கால் ஊன்றாது, தொண்ணூற்று ஒன்றிலிருந்து. அண்ணன் அர்த்தநாரி, மில்லில் மேஸ்திரி ஆன வருஷம் அது, எங்கள் வீதியில் முதல் வண்டி, சிவப்பு டேங்க், டேங்கில் முகம் தெரியும், குனிந்தால் மூக்கு நீளமாகத் தெரியும். ஷோரூம் வாசலில் நாங்கள் ஏழெட்டுப் பேர் நின்றோம், அண்ணன் சம்சாரம் ராசாமணி, நான் நங்கையா என்று கூப்பிடுவேன், மரூன் கலர் சேலை கட்டி ஆரத்தித் தட்டோடு நின்றாள், சாவியை யார் வாங்குவது என்ற பேச்சே வரவில்லை, அண்ணன் திரும்பி என்னைப் பார்த்து, "டேய் செங்கோடா, நீ வாங்கி உதைடா மொதல்ல," என்றான். வாங்கினேன். உதைத்தேன். ஒரே உதையில் எடுத்தது, நங்கையா சிரித்தாள், அவள் பல்லில் வெற்றிலைத் துணுக்கு ஒட்டியிருந்ததுகூட ஞாபகம் இருக்கிறது. பதினோராம் நாள் காவிரிப் பாலத்து இறக்கத்தில் வண்டி சறுக்கி அண்ணன் விழுந்தான், தொடை எலும்பு இரண்டாக உடைந்தது. பெரியாஸ்பத்திரி வராந்தாவில் நங்கையா சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள், "அன்னிக்கே சொன்னேன், இவங்கிட்டச் சாவியக் குடுக்காதீங்கன்னு அன்னிக்கே சொன்னேன்." சொல்லவில்லை. அன்றைக்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை, தட்டை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டு நின்றாள், நான் பார்த்தேன், மரூன் சேலை, வெற்றிலை. பொய். அந்தப் பொய்யை நான் இதுவரைக்கும் எத்தனை தடவை எடுத்துப் பார்த்திருப்பேன், தேய்ந்துபோன காசு மாதிரி இருக்கிறது, ஆனாலும் செல்லுகிறது. பாலத்து இறக்கத்தில் அன்றைக்கு மணல் கிடந்தது. லாரியிலிருந்து சிந்திய மணல். இரண்டு நாள் கழித்து நான் போய்ப் பார்த்தேன், அப்போதும் கிடந்தது, வண்டி இழுத்த தடம் அதில் அப்படியே இருந்தது. அண்ணனுக்கும் தெரியும், மணலில் விழுந்தவனுக்குத் தெரியாமல் இருக்குமா. நங்கையா சொன்னதை அவன் ஒரு நாளும் திருப்பிச் சொன்னதில்லை. ஆனால் ஒரு நாள், ஒரே ஒரு நாள், நாலு பேர் இருக்கும்போது, அட அது மணல்தான் என்று அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு வாய் திறக்காமல் இருந்தான். நங்கையா சொன்னது எனக்கு ஒரு கோபம் என்றால் அண்ணன் சொல்லாதது ஒன்பது கோபம்.

"பெரியவரு இதுலயும் கை வெக்கல," என்றான் ரத்தினம். அவன் என்னை மூன்றாவது வரிசைக்குக் கூட்டி வந்திருந்தான், நீல வண்டி ஒன்று, அதில் ஏதோ அடிபட்டுப் பெயிண்ட் அடித்திருந்தது. அவன் குரல் மாறியிருந்தது, கொஞ்சம் மரியாதை ஏறியிருந்தது. "நான் இருவது வருசமா இந்தக் கொட்டாயில இருக்கறேன். முறுக்கிப் பாக்கறவன், ஆரன் அடிக்கறவன், சீட்டத் தட்டறவன், இவியெல்லாம் சும்மா பாக்க வந்தவிய. கையப் பின்னால கட்டீட்டு நிக்கறாரு பாத்தீங்களா, இவருதான் வண்டி தெரிஞ்சவரு. கண்ணுலயே எல்லாத்தையும் கழட்டிருவாரு. பெரியவரு எங்க மெக்கானிக்கா இருந்தீங்க?" "பாய்லர்," என்றேன். "அதான பாத்தேன்," என்றான். என்ன பார்த்தான். கௌசல்யா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், என் பக்கம் வந்து முழங்கையில் இடித்து, "அப்பா, அப்படியே நில்லுங்க, வெல எறங்குது," என்றாள் காதோடு. அவளுக்கு இது விளையாட்டு. நான் கையை ஒளித்துக்கொண்டு நிற்கிறேன், இவன் அதைச் சாமர்த்தியம் என்கிறான், அவள் அதை விலை பேசுவது என்கிறாள். உள்ளங்கை வேர்த்துவிட்டது, ஒரு கை இன்னொரு கைக்குள் மீன் மாதிரி வழுக்கியது. அவளுக்குத் தெரியாது. இந்தக் கையின் கதை எங்கள் வீட்டுக்குள் வரவில்லை, சரசு வர விடவில்லை, இந்தப் பேரால் எனக்குப் பெண் கிடைக்க ஒன்பது வருஷம் ஆனது என்பதும் மகளுக்குத் தெரியாது. தெரியாததால் கேட்டுவிடுவாள். சாவி வரும்போது திரும்பி அப்பா நீங்க வாங்குங்க என்பாள், நேற்றே சொல்லிவிட்டாள், சோறு பிசைந்துகொண்டே, "நீங்கதாம்பா வாங்கி உதைக்கோணும்." சரசுவின் கை அகப்பையோடு ஒரு நொடி நின்றது. நான் பார்த்தேன். நான் எல்லாவற்றையும் பார்ப்பேன், அதுதான் என் வியாதி.

தொண்ணூற்று நாலில் அண்ணன் தறிப்பட்டறை போட்டான், முதல் தறியை ஓட்டுகிற நேரம், "செங்கோடா, ஒரு தேங்கா வாங்கீட்டு வந்துரு," என்றார்கள், தட்டில் இரண்டு தேங்காய் இருந்தது. இரண்டாயிரத்து மூன்றில் அண்ணன் மகன் சரக்கு ஆட்டோ எடுத்தான், பூ பத்தவில்லை என்றார்கள், வண்டி கழுத்து வரைக்கும் பூவாக இருந்தது. பதினொன்றில் ஆழ்குழாய்க் கிணறு, சூடம். ஒருத்தரும் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை, அப்படிச் சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், அவர்கள் சண்டைக்கு இடமே கொடுக்கவில்லை, கடைக்கு அனுப்பினார்கள், நான் திரும்பி வரும்போது எல்லாம் முடிந்து கை தட்டிக்கொண்டிருப்பார்கள், வாங்கி வந்ததை யாரும் வாங்கிக்கொள்ளக்கூட மாட்டார்கள். போன வருஷம் அண்ணன் பேரன் கார் எடுத்தபோது, அந்தப் பையன்தான், "சின்னத்தாத்தா, தீப்பெட்டி இல்ல," என்றான், யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள். என் சட்டைப் பையிலேயே தீப்பெட்டி இருந்தது. பாய்லர்காரன் பையில் தீப்பெட்டி இல்லாமல் இருக்குமா, வேலையை விட்டு நாலு வருஷமாகியும் காலையில் சட்டை போட்டால் கை தானாக ஒரு தீப்பெட்டியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிறது. எடுத்துக் காட்டியிருக்கலாம். இந்தா என்று நீட்டியிருக்கலாம், நீட்டியிருந்தால் அவர்கள் முகம் எப்படி ஆகியிருக்கும். நான் கடைக்குப் போனேன். பையில் ஒரு தீப்பெட்டியை வைத்துக்கொண்டு இன்னொரு தீப்பெட்டி வாங்கப் போனேன். ஏன் போனேன், அதைத்தான் இந்த ஒரு வருஷமாக எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருக்கிறேன், அவர்கள்மேல் கோபம் என்றால் போகாமல் இருந்திருக்கவேண்டும், போனேன் என்றால் என்ன அர்த்தம்.

அந்தக் கறுப்பு வண்டி கடைசி வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் நின்றது. கௌசல்யா அதன் முன்னால் நின்ற விதத்திலேயே தெரிந்துவிட்டது, இத்தனை நேரம் குனிந்து குனிந்து பார்த்தவள் இதற்குக் குனியவில்லை, சும்மா நின்றாள். நூறு சிசி, ஒரே ஓனர், நாலு வருஷ வண்டி, மணி ஒன்பது ஐம்பது. "இத பவானிக்காரங்க ரெண்டு பேரு பாத்துட்டு டீ குடிக்கப் போயிருக்காங்க," என்றான் ரத்தினம், "பத்து மணிக்குச் சொல்றேன்னாங்க. சொல்லீட்டா அவியளுக்குத்தான்." "அவங்க அட்வான்ஸ் குடுத்தாங்களாண்ணா?" "குடுக்கல." "அப்ப நான் ஒக்காந்து பாக்கறேன்." உட்கார்ந்தாள். இரண்டு காலும் முழுசாக ஊன்றியது, குதிகால் வரைக்கும், அதை அவள் என்னைப் பார்த்துக் காலைத் தட்டிக் காட்டினாள், தரையில் இரண்டு தட்டு. ரத்தினம் சாவி போட்டுக் கொடுத்தான், அவள் கிளட்சைப் பிடித்து விட்டுப் பார்த்தாள், முன் பிரேக்கை நசுக்கினாள், ஹேண்டிலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒடித்தாள், கண்ணாடியைத் திருப்பினாள், கண்ணாடியில் அவள் முகம் வந்தது, அந்த முகத்தை நான் அவள் பக்கத்திலிருந்து பார்க்கவில்லை, கண்ணாடிக்குள் பார்த்தேன், அது எனக்குத் தெரியாத ஒருத்தியின் முகமாக இருந்தது, யாரையும் கேட்காமல் எங்கேயோ போகப் போகிறவளின் முகம். அப்போது அது வந்தது. வயிற்றுக்குள் எலி ஓடின மாதிரி, ஒரு நொடி, எனக்கு இருபத்தொரு வயசில் ஒரு வாடகை சைக்கிள்கூட முழு நாளைக்குக் கிடைத்ததில்லை, இவளுக்கு என்ன. இவளுக்கு என்ன என்று நினைத்தேனா, நினைத்தேன். என் மகளைப் பார்த்து நினைத்தேன்.

இது எனக்குத் தெரியும். இதே எலி. ஷோரூம் வாசலில் நான் அண்ணன் வண்டியை உதைத்தபோது எஞ்சின் நடுக்கம் கால் வழியாக ஏறி நெஞ்சுக்கு வந்ததே, அப்போது இதுதான் ஓடியது, இது இவனுக்கு எதற்கு, இது எனக்கல்லவா இருக்கவேண்டும் என்று. ஒரு நொடிதான். அப்புறம் நானும் எல்லோரோடும் சிரித்தேன், சர்க்கரைப் பொங்கல் தின்றேன். பதினோராம் நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நங்கையா அந்தப் பொய்யைச் சொன்னபோது என் உடம்பு ஏன் அப்படிச் சில்லிட்டது, பொய் என்பதாலா. கையைத்தான் எல்லோரும் சொன்னார்கள். கையில் ஒன்றும் இல்லை, கை சுத்தமான கை, பாய்லரைக் கேளுங்கள். கைக்குள் வேறு ஒன்று இருந்தது, அதை யாரும் பார்க்கவில்லை, நான் மட்டும் பார்த்தேன். அவளுடைய பொய் தெரியாத்தனமாகச் சரியான இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. அதனால்தான் நான் சண்டை போடவில்லை. அதனால்தான் தேங்காய்க்குப் போனேன், பூவுக்குப் போனேன், பையில் தீப்பெட்டியோடு தீப்பெட்டிக்குப் போனேன். இல்லை, இல்லை, மணல்தான், நான் என் கண்ணால் தடத்தைப் பார்த்தேன், நினைப்பு வண்டியைச் சறுக்காது, மணல்தான் சறுக்கும். ஆனால் அதே இறக்கத்தில் அதே மணலில் அன்றைக்கு எத்தனை வண்டி போயிருக்கும், அண்ணன் மட்டும் ஏன் விழுந்தான். இங்கேதான் வந்து நிற்கும். முப்பத்திரண்டு வருஷமாக இங்கேதான் வந்து நிற்கும், இதற்கு மேல் ஓடாது, மறுபடி மரூன் சேலைக்குப் போகும்.

"புடிச்சிருக்குப்பா," என்றாள். "நீங்க ஒன்னும் சொல்லலியே." பவானிக்காரர்கள் இரண்டு பேரும் ரோட்டைத் தாண்டி வருவது தெரிந்தது, அப்பனும் மகனும், அந்தப் பையன் நடக்கும்போதே கறுப்பு வண்டியைப் பார்த்துக்கொண்டு வந்தான். ரத்தினம் அவர்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான், பிறகு என் கையை, அதாவது கை இருக்கவேண்டிய இடத்தை. "பெரியவரு இதுக்கும் அசைய மாட்டேங்கறாரு. சரி, கடைசியா சொல்றேன், பின்டயரு புதுசு போட்டுத் தர்றேன். அதுக்கு மேல என்னையக் கேக்காதீங்க." நான் அசையவில்லை என்றால் வண்டி அவர்களுக்குப் போய்விடும். போகட்டும் என்று ஒரு பக்கம். போனால் வேறு வண்டி, உயரமான வண்டி, கால் ஊன்றாத வண்டி. வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன காரணம் இருக்கிறது, உனக்குப் பிடித்திருக்கிறது, நான் அதைப் பார்த்துவிட்டேன், அதனால் வேண்டாம் என்றா சொல்வது. கௌசல்யா என் முகத்தைப் பார்த்தாள். நேற்று நோட்டை மூடிக்கொண்டு திங்கட்கிழமை முதல் வீடு யார் வீடு தெரியுமா என்று கேட்டவள், தொண்ணூறு வயசுக் கிழவர், நரம்பே கிடைக்காதாம், அவரிடமே ரத்தம் எடுத்துவிட்டால் ஊரில் எல்லோரிடமும் எடுத்துவிடலாம் என்று சிரித்தவள். "எடுத்துக்க கண்ணு," என்றேன். என் குரலே எனக்கு யாருடையதோ மாதிரி இருந்தது.

ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ், நாலு கையெழுத்து, டயரை மாற்றிக் காற்றடித்து வண்டியை முன்னால் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார்கள், பவானிக்காரப் பையன் ஓரமாக நின்று பார்த்தான், அவன் கண்ணையும் நான் பார்த்தேன், எனக்கு அவனைத் தெரிந்த மாதிரி இருந்தது. மணி பத்து பதினெட்டு. கௌசல்யா சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தாள், டேங்கில் குங்குமம் இட்டாள், சூடத்தைத் தரையில் வைத்தாள். ரத்தினம் பல்குச்சியைத் துப்பிவிட்டு, சாவியை வலது கையில் எடுத்து, இடது கையால் முழங்கையைத் தொட்டுக்கொண்டு, மரியாதையாக, என் பக்கம் நீட்டினான். "வாங்கிக்குங்க பெரியவரே, கெழக்கப் பாத்து." "வாங்குங்கப்பா," என்றாள் கௌசல்யா. அந்தச் சாவியில் ஒரு சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. முப்பத்திரண்டு வருஷமாக நான் இதற்காகத்தான் நின்றேன், ஒருத்தன் நாலு பேர் முன்னால் எனக்குச் சாவியை நீட்டவேண்டும், நான் வாங்கவேண்டும், அதை அண்ணன் வீட்டுக்காரர்கள் பார்க்காவிட்டாலும் கேள்விப்படவேண்டும். கையைப் பின்னாலிருந்து எடுத்தேன். எடுத்த கை நேராகச் சட்டைப் பைக்குப் போனது, தீப்பெட்டியை மேலோடு தொட்டது, கீழே இறங்கியது. "தீப்பெட்டி இல்ல பாரு," என்றேன். "நான் போய் வாங்கீட்டு வந்தர்றேன்." யாரும் அனுப்பவில்லை. நானே சொன்னேன். அண்ணன் வீட்டில் எந்தக் குரலில் சொல்வார்களோ அதே குரலில், அதே அவசரத்தோடு. "நேரமாவுது, நீயே வாங்கிக்க சாமி," என்று திரும்பிப் பார்க்காமல் ரோட்டைத் தாண்டினேன்.

பெட்டிக்கடையில் தீப்பெட்டி கேட்டேன், கடைக்காரன் சில்லறை தேடினான், நான் வண்டிக் கொட்டகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன், தொங்குகிற ஷாம்பு பாக்கெட்டுகளை எண்ணினேன். பின்னால் ஒரு உதை கேட்டது. எடுக்கவில்லை. இரண்டாவது. எடுக்கவில்லை. பதினேழு, பதினெட்டு, ஒரு பாக்கெட் கிழிந்திருந்தது. நான் எலியைப் பார்த்துவிட்டேன், அதனால் எடுக்கவில்லை, எடுக்காமலே போகட்டும், எடுக்காத வண்டி விழாது. மூன்றாவது உதையில் எடுத்தது. சத்தம் சின்னதாக, சீராக, தையல் மிஷின் மாதிரி இருந்தது. அந்தச் சத்தம் என் பக்கம் வர ஆரம்பித்தது, நான் திரும்பவில்லை, என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. "அப்பா, ஏறுங்க." தலையில் ஹெல்மெட், கையில் எனக்கு இன்னொன்று. "சூடம்," என்றேன். "அந்தண்ணன் லைட்டர்ல பத்த வெச்சுட்டாரு." ஹெல்மெட்டை என் தலையில் மாட்டி, வாரைத் தாடைக்குக் கீழே அவளே கோர்த்தாள், கோர்க்கும்போது அவள் கண் என் சட்டைப் பைக்குப் போனது. வெள்ளைச் சட்டை, மெல்லிய துணி. "பையிலயே ஒன்னு இருந்துச்சேப்பா," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை, திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

ஏறினேன். இடது கையால் பின்கம்பியைப் பிடித்தேன், வலது கைக்குள் புதுத் தீப்பெட்டி, அதைத் தொடைமேல் மூடி வைத்துக்கொண்டேன், எதன்மேலும் படாமல். வண்டி நகர்ந்தது, முதல் கியர், ஒரு குலுக்கல், இரண்டாவது. நன்றாகத்தான் ஓட்டுகிறாள், ஓரமாக, சிக்னல் போட்டு, பஸ்ஸை முன்னால் போகவிட்டு, ஆனால் நான் ரோட்டைப் பார்க்கவில்லை, அவள் கழுத்தின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், மயிர் ஒட்டிய வேர்வை, இன்றைக்கு முதல் நாள், பதினோராம் நாள் எந்தக் கிழமை வரும், திங்கள், அன்றைக்கு ஏதாவது சொல்லி லீவு போடச் சொல்லலாம், காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளலாம், பன்னிரண்டாம் நாள் என்ன செய்வது. மெயின் ரோட்டிலிருந்து எங்கள் பக்கம் திரும்புகிற வளைவு. யாரோ வீடு கட்டுகிறார்கள், பாதி ரோடு வரைக்கும் மஞ்சளாகக் கிடந்தது. முன்சக்கரம் சட்டென்று ஒரு சாண் பக்கவாட்டில் போனது. நான் ஒன்றும் நினைக்கவில்லை, நினைக்க நேரமில்லை, என் இரண்டு கையும் அவள் தோளில் இருந்தது, வலது கையும், இறுக்கமாக, விரல் வலிக்கிற அளவுக்கு. அவள் இரண்டு காலையும் ஊன்றினாள், முழுசாக, குதிகால் வரைக்கும். வண்டி நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது, நடுக்கம் சீட்டு வழியாக ஏறி அவள் தோள் வழியாக என் கைக்குள் வந்தது. தீப்பெட்டி ரோட்டில் விழுந்து குச்சியெல்லாம் சிதறிக் கிடந்தது.

"ஒன்னுமில்லீங்கப்பா," என்றாள் திரும்பாமல். "மணல்."

"என்ன?" என்றேன். காதில் விழுந்ததுதான், ஆனாலும் கேட்டேன்.

"மணலுங்கப்பா," என்றாள் இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாக, காது கேளாதவனுக்குச் சொல்வது போல. நான் கையை எடுக்கவில்லை.